பழைய பெருந்தொற்றுகள் இன்றைக்கு என்ன கற்றுத் தருகின்றன?

"நூறு வருடத்துக்கு முந்தைய தொற்று இன்றைக்கு எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிருமி மாறும், மருந்து மாறும். மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம் பெரிதாக மாறுவதில்லை. அதனால்தான் பொருந்துகிறது.

1918 இன்ஃபுளுவென்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் காய்ச்சல் பரவத் தொடங்கிவிட்டது. மருத்துவர்கள் சிலர் எச்சரித்தும் பார்த்தார்கள். ஆனாலும் செப்டம்பர் 28 அன்று போர்க்கடன் பத்திரம் விற்பதற்கான ஊர்வலத்தை நிறுத்தவில்லை. சுமார் 2 லட்சம் பேர் தெருவில் தோளோடு தோள் உரச நின்றார்கள். சில நாட்களிலேயே மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. அடுத்த வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். செயின்ட் லூயிஸ் நகரிலோ, சுகாதார ஆணையர் மேக்ஸ் ஸ்டார்க்லாஃப் அக்டோபர் தொடக்கத்திலேயே பள்ளி, தியேட்டர், தேவாலயம் எல்லாவற்றையும் மூடவைத்தார். அங்கே இறப்பு விகிதம் மிகக் குறைவு. ஆனால் நவம்பரில் கெடுபிடியைத் தளர்த்தியதும் அங்கேயும் தொற்று மறுபடி ஏறியது. சீக்கிரம் மூடுவது பாதி வேலைதான். எப்போது திறப்பது என்பது அதைவிடச் சிக்கலான கேள்வி.

அப்புறம், இந்த 1918 தொற்றுக்கு ஒட்டிக்கொண்ட 'ஸ்பானிஷ் ஃப்ளூ' என்ற பெயர். நோய் ஸ்பெயினில் தோன்றியது என்பதற்கு ஆதாரமில்லை. உலகப் போரில் இறங்கியிருந்த நாடுகள் செய்தியைத் தணிக்கை செய்தன. நடுநிலை வகித்த ஸ்பெயினின் பத்திரிகைகள் உள்ளதை எழுதின. உண்மையைச் சொன்ன நாட்டின் தலையில் பழி விழுந்தது. 2021 நவம்பரில் கொரோனா வைரஸின் புதிய வகையான ஒமிக்ரானைப் பற்றி உலகுக்குச் சொன்ன தென்னாப்பிரிக்காவுக்கும் கிடைத்தது பாராட்டைவிட வேகமான பயணத் தடைகள்தான்.