மியூசிக் சர்வர், டாக்: கேள்வி பதில்

கேள்வி: சிடிக்களை எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றப்போகிறேன். ஃப்ளாக்கா, வேவா?

ஃப்ளாக். இரண்டுமே பாட்டைச் சேமிக்கும் கோப்பு முறைகள் (FLAC, WAV), இரண்டிலும் ஒரு பிட்கூட இழப்பில்லை. ஃப்ளாக் ஏறக்குறைய பாதி இடம்தான் பிடிக்கும், ஆல்பம் விவரங்களும் கோப்போடு ஒழுங்காக இருக்கும். ஏற்றி முடித்த கையோடு வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய லேப்டாப்பில் யூஎஸ்பி டாக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஒலிக்கான மின் சிக்னலாக மாற்றும் கருவி) மாட்டிக் கேட்கிறேன். தனி மியூசிக் சர்வர் (பாட்டுக் கோப்புகளைச் சேமித்து ஓட்டும் பெட்டி) வாங்கினால் சத்தம் மேம்படுமா?

உங்கள் டாக் அசிங்க்ரனஸ் வகை என்றால் அவசியமில்லை. பழைய அடாப்டிவ் முறையில் கம்ப்யூட்டர் அனுப்பும் வேகத்துக்கு டாக் ஈடுகொடுத்து ஓட வேண்டும். அந்த வேகம் தடுமாறினால் ஜிட்டர், அதாவது ஒலியின் நேரக் கணக்கில் நடுக்கம். அசிங்க்ரனஸில் டாக்கினுள் இருக்கும் கிளாக்தான் (நேரத் துடிப்பு தரும் பாகம்) எஜமான். டேட்டா பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) காத்திருக்கும், கூடக்குறைய அனுப்பச் சொல்வது டாக். நல்ல டாக்குகளில் பெரும்பாலும் இரண்டு கிளாக் இருக்கும்: 44.1 கிலோஹெர்ட்ஸ் (சிடியில் நொடிக்கு எடுக்கும் 44,100 மாதிரிகள்) குடும்பத்துக்கு 22.5792 மெகாஹெர்ட்ஸ், 48 குடும்பத்துக்கு 24.576.

லேப்டாப்பில் கவனிக்க வேண்டியது வேறு. சிடியில் இருந்து எடுத்த பாட்டு ஓடும்போது டாக்கின் டிஸ்ப்ளேயைப் பாருங்கள். 44.1 வர வேண்டிய இடத்தில் 48 என்று காட்டினால், நடுவில் கம்ப்யூட்டரின் மிக்ஸர் (எல்லாச் சத்தங்களையும் கலக்கும் மென்பொருள்) புகுந்து மாற்றிக்கொண்டிருக்கிறது. பிளேயர் செட்டிங்கில் மிக்ஸரைத் தாண்டிப் போகும் வழியை, விண்டோஸில் வாசாபி எக்ஸ்க்ளூசிவ், லினக்ஸில் ஆல்சாவின் நேரடி அவுட்புட், வைத்தால் சரியாகிவிடும்.

கேள்வி: யூஎஸ்பி இணைத்ததும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இணைப்புகள் வளையமாகி வரும் மின் இரைச்சல். ஆப்டிகல் இணைப்புக்கு மாறுங்கள், அதில் வெளிச்சம் மட்டுமே போகும். பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். அது உயிர் காக்கும் முள்.

கேள்வி: 24/192 கோப்பு (24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்) சிடியைவிட உசத்தியா?

சிடியின் 44.1-லேயே 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி அடங்கிவிடும். மனிதக் காதின் எல்லை 20. வித்தியாசம் கேட்டால் முதலில் மாஸ்டரிங்கை (வெளியீட்டுக்கு முன் பதிவைச் செப்பனிட்ட விதத்தை) சந்தேகியுங்கள்.

கேள்வி: யூஎஸ்பி கேபிளை மாற்றியதும் வயலின் மென்மையானது. என் காது பொய் சொல்கிறதா?

அப்படிச் சொல்லவில்லை. ஆனால் யூஎஸ்பி ஆடியோவில் பிழையான பாக்கெட்டை மறுபடி அனுப்பும் ஏற்பாடு கிடையாது. மோசமான கேபிள் என்றால் ‘டிக்’ சத்தமோ வெட்டோதான் வரும். வயலினை மட்டும் மென்மையாக்க அதனால் முடியாது.

கேள்வி: கேபிள் விஷயத்தில் நான் முன்பு கேட்டவர் பக்கம். கருவி அளக்காததையும் காது கேட்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: கேபிளின் கிரவுண்ட் வழியாகக் கம்ப்யூட்டரின் மின் இரைச்சல் டாக்கினுள் வரலாம். அது அனலாக் அவுட்புட்டில் அளக்கக்கூடியதுதான். மற்றபடி, வீட்டில் ஒருவரை உங்கள் கண்ணில் படாமல் கேபிளை மாற்றச் சொல்லுங்கள். சில முறை மாற்றாமலும் விடட்டும். மாறியதா இல்லையா என்று 10 தடவையில் 9 சரியாகச் சொன்னால் நான் உங்கள் கட்சி. சும்மா ஊகித்து அத்தனை சரியாக வர நூற்றில் ஒரு வாய்ப்புதான். டாக்குகளை ஒப்பிடுவதென்றால் மல்டிமீட்டரால் இரண்டின் ஒலி அளவையும் 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்துங்கள். கொஞ்சம் சத்தம் கூடினாலே காதுக்கு அது நல்லதாகப் படும்.

கேள்வி: கேபிள் விஷயத்தில் என் அனுபவமும் அதேதான்...

சோதனையைச் செய்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

கேள்வி: ஃப்ளாக்கா, ஏலாக்கா?

முதல் பதிலில் இருக்கிறது. ஏலாக்கும் (ALAC, ஆப்பிளின் கோப்பு முறை) இழப்பில்லாததுதான்.

கேள்வி: நாஸில் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டியில்) ரெய்டு (பல டிஸ்க்கைச் சேர்த்து இயக்கும் முறை) போட்டிருக்கிறேன். நகல் எதற்கு?

ரெய்டு, ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் அதே நொடியில் போய்விடும். நகல் தனியாக, இணைப்பு கழற்றிய நிலையில் இருக்க வேண்டும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கேள்வி: எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?

என் துறை இல்லை. அறையை அளந்து பார்த்துச் சொல்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: கச்சேரிப் பதிவில் டிராக் மாறும்போது நடுவில் ஒரு இடைவெளி விழுகிறது.

கோப்பு எம்பி3 என்றால் அந்த முறையே முன்னும் பின்னும் சிறு மௌனத்தைச் சேர்த்துவிடும். சிடியில் இருந்து மறுபடி ஃப்ளாக்காக எடுங்கள். ஏற்கெனவே ஃப்ளாக் என்றால், பிளேயரில் கேப்லெஸ் (இடைவெளியில்லாமல் ஓட்டும்) வசதியைப் போடுங்கள். பாட்டுக்குப் பாட்டு மங்கி மாறும் கிராஸ்ஃபேடை அணைத்துவிடுங்கள்.