18 வயது கராஜ் ஓப்பனருக்கு 320 டாலர் போடலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் வீடு. கராஜ் கதவைத் திறந்து மூடும் ஓப்பனருக்கு வயது 18. ஒரு மாதமாகக் கதவு பாதி இறங்கியதும் மறுபடி மேலே போய்விடுகிறது. வந்து பார்த்தவர், "ஓப்பனருக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு போச்சு, மாற்ற 320 டாலர், புதிதாகப் போட்டால் கூலியோடு 650" என்கிறார். கடை கார்டில் வாங்கினால் 12 மாதம் வட்டி இல்லையாம். எது நல்லது?

பதில்: பர்ஸை இப்போதே திறக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்குப் போர்டை மட்டும் குறை சொல்ல முடியாது. சுவரில் இருக்கும் பட்டனை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கதவு முழுதாக மூடினால் கோளாறு பெரும்பாலும் சென்சாரில்தான். கதவின் இரு பக்கமும் தரையை ஒட்டி இருக்கும் அந்தச் சின்னக் கண்கள் 1993 முதல் அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா ஓப்பனரோடும் வருகின்றன. தூசியோ சிலந்தி வலையோ மறைத்தாலும், கால் பட்டுக் கொஞ்சம் திரும்பிவிட்டாலும் கதவு இறங்காது. துடைத்து நேராக்கச் செலவே இல்லை.

அடுத்தது கதவு. அதை மூடிவிட்டு, மோட்டாரிலிருந்து கதவை விடுவிக்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கையால் தூக்குங்கள். பாதி உயரத்தில் விட்டால் ஏறக்குறைய அங்கேயே நிற்க வேண்டும். கனத்துக் கீழே வந்தால் கதவின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அப்போது புது ஓப்பனர் போட்டாலும் பயனில்லை, அதன் மோட்டாரும் சீக்கிரம் திணறும். ஸ்பிரிங்கை மட்டும் நீங்களே தொடாதீர்கள். அதில் இருக்கும் இறுக்கம் கையை உடைத்துவிடும்.

இரண்டும் சரியாக இருந்து, போர்டுதான் காரணம் என்றால், புதிதாகவே போடுங்கள். ஓப்பனர்கள் பொதுவாக 10 முதல் 15 வருடம் உழைக்கும்; உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. புதுப் போர்டோடு இன்னும் 3 வருடம் ஓடினால் வருடத்துக்கு 107 டாலர். புதியது 12 வருடம் ஓடினால் 54. அந்த 3 வருடத்துக்குள் பல்சக்கரம் தேயாது என்று யாரும் எழுதித் தரப் போவதில்லை.

கடை கார்டு வேண்டாம் என்பேன். "வட்டி இல்லை" என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பல கடை கார்டுகளில் 12-ஆம் மாதம் 20 டாலர் பாக்கி நின்றாலும், வாங்கிய நாளிலிருந்து முழுத் தொகைக்கும் வட்டி வந்து விழும். அவசரச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, மாதம் 50 டாலர் திருப்பிப் போடுங்கள், 13 மாதத்தில் நிரம்பிவிடும். வெறும் சென்சார் கோளாறாக இருந்தாலும் அந்த 50-ஐ இப்போதே ஆரம்பிக்கலாம். 18 வயது மோட்டார் எப்படியும் ஒருநாள் நிற்கும்.

அப்புறம், உங்கள் மாநிலத்துக்கே உரிய ஒரு விஷயம். 2017 அக்டோபர் காட்டுத்தீயில் மின்சாரம் போய், கராஜ் கதவைத் திறக்க முடியாமல் பலர் தவித்தார்கள். அதன் பிறகு வந்த சட்டப்படி, 2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியா வீடுகளில் போடும் புது ஓப்பனரில் பேட்டரி பேக்கப் கட்டாயம். அந்த 650-ல் பேட்டரி, ரிமோட்கள், பழையதைக் கழற்றி எடுத்துப்போகும் கூலி எல்லாம் அடக்கமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.