குடும்பத்தோடு குரூஸ் போனால் சாப்பாடும் சூழலும் எப்படி இருக்கும்?

சிங்கப்பூரில் இருந்து 4 இரவு குரூஸ் (உல்லாசக் கப்பல் பயணம்) போகிறோம், வயதான பெற்றோரும் இரண்டு குழந்தைகளும் வருகிறார்கள், பாதிப் பேர் சைவம், என்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் ஒருவர், பஃபேயில் மூன்று வேளையும் வெளுத்துக் கட்டினால் டிக்கெட் காசு திரும்பிவிடும் என்கிறார். இன்னொருவர், பரிமாறுகிறவர்கள் சிரிப்பதெல்லாம் டிப்ஸுக்காகத்தான், மயங்காதீர்கள் என்கிறார். இந்த இரண்டையும் படித்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. என் அப்பா கப்பலில் சமையல் வேலை பார்த்தவர்.

தூத்துக்குடி எங்கள் ஊர். அப்பா 17 வயதில் தோணியில் பண்டாரியாக ஏறினார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் இருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான் ஏற்றிப் போகிற மரக்கலம்தான் தோணி. அதில் சமைப்பவர் பண்டாரி. அப்புறம் சரக்குக் கப்பலுக்கு மாறி 26 வருடம், 2004 வரைக்கும். இருபத்திரண்டு ஆட்களுக்கு அவர் ஒருவர்தான் குக், கூட உதவிக்கு ஒரு மெஸ்மேன். "கப்பல்ல என்ன, சட்டி கழுவுறாரா?" என்று ஒரு கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர் ஒருவர் அம்மாவிடமே கேட்டார். எனக்கு அப்போது பத்து வயது. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

2024 மே கடைசியில் அப்பா, அம்மா, அத்தை (என் மாமியார், சைவம், வெங்காயம் பூண்டு சேர்ப்பார், முட்டைகூடக் கிடையாது), நான், கணவர், 11 வயது மகள், 6 வயது மகன் என்று 7 பேர் போனோம். சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், திரும்பவும் சிங்கப்பூர். மூன்று வருடம் சீட்டு கட்டிச் சேர்த்த பணம். பகட்டுக்கு எழுதுகிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கப்பல் பெயரைச் சொல்லவில்லை, இது விளம்பரம் இல்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கப்பலில் டிக்கெட்டோடு சேர்ந்த சாப்பாடு முக்கியமாக இரண்டு இடத்தில். ஒன்று மேல் தளத்தில் பஃபே. இன்னொன்று கீழே மெயின் டைனிங் ரூம். நம் ஆட்கள் பெரும்பாலும் பஃபேயோடு நின்றுவிடுகிறார்கள், கேட்டால் கீழே போக டிரஸ் போட வேண்டும், மெனு புரியாது என்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டைனிங் ரூமில் உங்கள் குடும்பத்துக்கென்று ஒரு மேசை, ஒரு நேரம், 4 இரவும் அதே பரிமாறுபவர், அவருக்கு ஓர் உதவியாளர். முதல் நாள் மகன் பால் வேண்டும் என்றான். இரண்டாம் நாள் நாங்கள் உட்காருவதற்கு முன்பே அவன் இடத்தில் பால் டம்ளர் இருந்தது. மெனு தினமும் மாறும். முதலில் ஒன்று, பிரதானமாக ஒன்று, கடைசியில் இனிப்பு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் வேறு கேட்கலாம், இரண்டு வகை கேட்டாலும் தனிக் காசு இல்லை (சில விலை உயர்ந்த அயிட்டங்கள் தவிர, அவை மெனுவிலேயே விலையோடு இருக்கும்). வீட்டில் 7 பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். எனக்குக் கணக்கே தெரியவில்லை.

சைவத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். டிக்கெட் போடும்போதே சொல்லுங்கள். பிறகு முதல் இரவு தலைமைப் பரிமாறுபவரிடம் நேரிலும் சொல்லுங்கள். அவர் மறுநாள் மெனுவை முந்தின இரவே கொண்டுவந்து காட்டுவார், அதில் எதை எப்படி மாற்றித் தர வேண்டும் என்று குறித்துக்கொள்வார். அத்தைக்கு எல்லா இரவும் அப்படித்தான் நடந்தது. வந்தது பருப்பு, பன்னீர், நான் ரொட்டி, பாஸ்மதி சோறு, அப்பளம் என்று வடக்கத்திச் சமையல்தான். இட்லி, ரசத்தை நம்பிப் போகாதீர்கள். காலையில் தயிர் கிடைக்கும். சீல் உடைக்காத ஊறுகாய் பாட்டிலும் பருப்புப் பொடிப் பாக்கெட்டும் கொண்டு போனோம், யாரும் தடுக்கவில்லை. வீட்டில் கட்டிய புளியோதரை, ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி இதெல்லாம் ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்தின் குக்கர் அப்படித்தான் போனது. பஃபேயில் ஒரு எச்சரிக்கை: காய்கறி என்று எழுதியிருக்கும் சீன வகைகளில் மீன் சாஸோ சிப்பி சாஸோ இருக்கலாம். பெயரைப் பார்த்து எடுக்காமல் கேட்டு எடுங்கள்.

பஃபே வாசலில் கை கழுவச் சொல்லி ஒருவர் நிற்பார். அதைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். நோரோ வைரஸ் என்ற வாந்தி பேதி கப்பலில் ஒருவருக்கு வந்தால் மளமளவென்று பரவும். கிருமிநாசினி ஜெல் அதற்குச் சரிப்படாது, சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும்.

இரண்டாம் நாள் இரவு நடந்ததைச் சொல்ல வேண்டும், இந்தப் பதிலே அதற்காகத்தான். அந்தமான் கடலில் மே பாதிக்கு மேல் தென்மேற்குப் பருவக்காற்று ஆரம்பித்துவிடும். மலாக்கா நீரிணை தாண்டும் வரை குளம் மாதிரி இருந்தது. பினாங்கில் இருந்து கிளம்பி வடக்கே போகப் போக லேசாக ஆட ஆரம்பித்தது. பெரிய கப்பல், ஆட்டத்தைக் குறைக்க அடியில் துடுப்பு மாதிரி இரண்டு பக்கமும் உண்டு, அதனால் பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் டம்ளரில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்வது தெரிந்தது. அத்தை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்பா ஒன்றும் சொல்லாமல் தன் டம்ளரில் இருந்து கொஞ்சம் தண்ணீரை விரிப்பில் ஊற்றி, கையால் தடவி, அத்தையின் தட்டை அதன்மேல் வைத்தார். பிறகு பேரன் தட்டுக்கும். "ஈரத் துணியில தட்டு நழுவாது. இனி நிம்மதியாச் சாப்பிடுங்க, சம்பந்தியம்மா" என்றார்.

பரிமாறுகிறவர் பிலிப்பைன்ஸ்காரர். இதைப் பார்த்துவிட்டுத் தட்டோடு அப்படியே நின்றார். "சார், நீங்க சீமேனா, கப்பல்ல வேலை பார்த்தவரா?" என்று கேட்டார். அப்பா "சீஃப் குக்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஆள் கையில் இருந்ததை வைத்துவிட்டு அப்பாவுக்குக் கை கொடுத்தார். என் மகள் தாத்தாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நான் இன்னும் மூன்று வருடம் சீட்டுக் கட்டுவேன்.

மறுநாள் இந்தியச் சமையல் பிரிவில் இருந்து ஒரு குக் எங்கள் மேசைக்கு வந்தார். மங்களூர்ப் பக்கம். அவருக்கு முப்பது வயது இருக்கும். அப்பாவுக்குக் கப்பலில் கற்ற இந்தி உண்டு. அவரைப் பார்த்ததும் அப்பா எழுந்துவிட்டார். உட்காருங்கள் என்று அவர் எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. வேலையில் இருக்கிற குக் நிற்கும்போது நான் உட்கார முடியாது என்று சொல்லிவிட்டார். ஐந்து நிமிடம் இருவரும் நின்றே பேசினார்கள். கப்பல் ஆடும்போது அடுப்பைச் சுற்றிக் கம்பித் தடுப்பு மாட்டுவது, பாத்திரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் வைக்காதது, ரொட்டி மாவு பொங்காமல் போன நாட்கள், இப்படி. எங்கள் மேசையில் ஒருவரும் சாப்பிடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தோம். இதையெல்லாம் அப்பா வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அதனால்தான் கடைசி இரவு எனக்குக் கோபம் வந்தது. கப்பலில் சேவைக் கட்டணம் என்று ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை கணக்கில் தானாக ஏறும். 7 பேருக்கு எங்களுக்கு 450 டாலருக்குப் பக்கம் வந்தது. பெரிய தொகைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆரம்பத்திலேயே இதையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். ஆனால் வரவேற்பு கவுன்டரில் கேட்டால் இதை எடுத்துவிடலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்து, நம் ஊர்க்காரர்கள் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். நான்கு நாளும் அந்தப் பரிமாறுகிறவரை எங்கள் தம்பி மாதிரி என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவரும் அதில் இருந்தார். நான் போய்க் கேட்டேன், சண்டையாகிவிட்டது. சம்பளம் கொடுக்க வேண்டியது கம்பெனிதானே என்பார்கள். சரி, நியாயமான கேள்வி. கம்பெனியிடம் கேளுங்கள். அந்த ஆள் கையில் போக வேண்டியதை எடுத்துவிட்டு அதற்கு நியாயம் பேசாதீர்கள். வாரத்தில் ஒரு நாள்கூட முழு விடுப்பு இல்லாமல் ஆறு மாதம், எட்டு மாதம் வேலை செய்கிறவர்கள் அவர்கள். 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படியே ஒரு நாளில் 10 மணி நேரமும் வாரத்தில் 77 மணி நேரமும் ஓய்வு தந்தால் போதும், ஒரு நாளில் 14 மணி நேரம் வரை வேலை வாங்கலாம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று தெரியும். அப்பாவின் கடைசிக் கான்ட்ராக்டில் மூன்று மாதச் சம்பளம் இன்று வரை வரவில்லை. ஆள் அனுப்பிய ஏஜென்ட் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வருடம்தான் எனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட அம்மாவின் வளையல் போனது. இன்றும் கப்பலில் வேலை, ரெண்டு லட்சம் கட்டு என்று எங்கள் பக்கத்துப் பையன்களிடம் வாங்குகிறார்கள். வேலைக்காக ஒரு பைசா வாங்குவதும் அந்த உடன்படிக்கைக்கு எதிரானது, இந்தியா 2015இல் அதை ஏற்றிருக்கிறது. கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் கொடுக்கும் ஆர்பிஎஸ்எல் (கப்பலுக்கு ஆள் சேர்ப்பதற்கான உரிமம்) எண் இல்லாத ஏஜென்டிடம் போகாதீர்கள். இதைப் படிக்கிற ஒருவர் வீட்டிலாவது அப்படி ஒரு பையன் இருந்தால் சொல்லுங்கள்.

சரி, சூழல். நீச்சல் குளத் தளம் பகலில் சந்தை மாதிரி இரைச்சல், பாட்டு, கூட்டம். கேசினோ இருக்கும் தளத்தைக் கடக்கும்போது சிகரெட் வாடை அடிக்கலாம், அம்மாவுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, படியேறி அடுத்த தளம் வழியாகப் போனோம். அமைதி வேண்டும் என்றால் காலை ஆறு மணிக்கு வெளித் தளத்துக்கு வாருங்கள். அப்பாவும் அம்மாவும் தினமும் அங்கேதான் இருந்தார்கள். குழந்தைகளுக்குத் தனிக் கிளப் உண்டு, பெரும்பாலும் 3 வயதுக்கு மேல், பகலில் இலவசம். மகன் அங்கிருந்து வரமாட்டேன் என்றான்.

பெரியவர்களுக்கு ஜன்னல் இல்லாத உள் அறை போட்டால், விளக்கை அணைத்ததும் கும்மிருட்டு, பகலா இரவா என்று தெரியாது. குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவை லேசாகச் சாத்திவையுங்கள். குளியலறை வாசலில் ஒரு படி உயரம் இருக்கும், முதல் நாளே காட்டிக்கொடுங்கள். அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் இருந்தால் ஆட்டம் குறைவு. பஃபேக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம், விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம் மண்டைக்குள் கேட்கும்.

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் கரையிலேயே கட்டும். நடந்தே லிட்டில் இந்தியா போகலாம், குயின் தெருவில் 1833இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, அத்தை அன்று மதியம் அங்கே பக்கத்தில் சாம்பார் சாதம் சாப்பிட்டுத் தெம்பாகிவிட்டார். புக்கெட்டில் எங்கள் கப்பல் கடலிலேயே நின்றது, சின்னப் படகில் கரைக்குப் போக வேண்டும். அலை இருந்தால் முழங்கால் வலிக்காரர்கள் அதில் ஏறி இறங்குவது சிரமம், எங்கள் பெரியவர்கள் கப்பலிலேயே தங்கிவிட்டார்கள். சிங்கப்பூர் விசா பலமுறை நுழையக் கூடியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் வெளியே போய்த் திரும்ப நுழைகிறீர்கள்.

உடை: இரவில் டைனிங் ரூமுக்கு அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் ஆகாது. ஒரு இரவு நல்ல உடையில் வரச் சொல்வார்கள், கோட் சூட் வாங்க ஓடாதீர்கள். அப்பா பட்டுக்கரை வேட்டி சட்டையில்தான் வந்தார், அந்த இரவு எடுத்த படம்தான் இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

கடைசியாக, உடனே செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் டிக்கெட்டில் டின்னர் நேரம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பல கப்பல்களில் ஆறு மணி வாக்கில் ஒரு பந்தி, எட்டு மணி வாக்கில் ஒன்று. நம் வழக்கத்துக்கு எட்டு சரி என்று தோன்றும், ஆனால் எழுந்திருக்கப் பத்து ஆகிவிடும், குழந்தைகள் மேசையிலேயே தூங்கிவிடுவார்கள். முதல் பந்தி சீக்கிரம் நிரம்பிவிடும். இன்றே ஏஜென்டுக்கு போன் போட்டு முதல் பந்தி கேளுங்கள், எல்லோரும் ஒரே மேசையில் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் 4 பேர் இங்கே, 3 பேர் அங்கே என்று பிரித்துவிடுவார்கள்.