எரிக்கப்பட்டவர்கள் எல்லோரும் சூனியக்காரிகளா?

அன்புள்ள அக்காவுக்கு,

ஐரோப்பாவில் மூலிகை தெரிந்த அப்பாவிப் பெண்களைத்தான் சூனியக்காரி, மதவிரோதி என்று சொல்லி எரித்தார்கள் என்று படித்தேன். இரண்டும் ஒன்றுதானே?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டும் ஒன்றல்ல. சூனியக்காரி என்றால் அடுத்தவர் மாட்டைக் கொன்றாள், பயிரைக் கெடுத்தாள் என்று பழி. மதவிரோதம் என்பது திருச்சபையின் கோட்பாட்டை மறுப்பது. இங்கிலாந்தில் சூனியத்துக்குச் சட்டம் விதித்தது தூக்கு. தீ மதவிரோதிக்கு. இதை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டையும் கலந்துவிட்டால், யோசித்து, வாதாடி, அந்த யோசனைக்காகவே செத்த பெண்கள் வெறும் அப்பாவிகளாகிவிடுகிறார்கள்.

பதினாறாம் நூற்றாண்டில் அப்படி எரிக்கப்பட்ட ஆன் ஆஸ்க்யூவை எடுத்துக்கொள். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர்க்காரர். மாப்பிள்ளை இவருடைய அக்காவுக்கு நிச்சயித்தவர். அந்த அக்கா இறந்துபோக, இவரைக் கட்டிவைத்தார்கள். பைபிளைப் படித்துப் படித்து, பூசையில் அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது என்பதை ஏற்க மறுத்தார். கணவர் வீட்டைவிட்டுத் துரத்தினார். மன்னர் எட்டாம் ஹென்றி ரோமின் போப்பை விட்டு விலகியிருந்தாலும், அவருடைய 1539 சட்டப்படி அந்த ஒரு மறுப்புக்கே தீதான் தண்டனை. சாதாரணப் பெண்கள் ஆங்கில பைபிளைப் படிக்கவே கூடாது என்று 1543இல் இன்னொரு சட்டம் வேறு.

1545இல் லண்டனில் விசாரணை. நடந்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்த அப்பத்தை ஒரு எலி தின்றுவிட்டால் அது கடவுளைப் பெற்றதாகுமா என்று கேட்கிறார்கள். பதில் சொல்லாமல் புன்னகைத்தேன் என்கிறார். பெண்கள் வேதத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று பவுல் சொல்லியிருக்கிறாரே என்று ஆயரின் அதிகாரி அதட்டுகிறார். சபையில் ஏறிப் போதிப்பதைத்தான் பவுல் தடுத்தார் என்று விளக்கிவிட்டு, பிரசங்க மேடை ஏறிய பெண்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் ஆன். ஒருவரையும் பார்த்ததில்லை என்கிறார் அந்த மனிதர். அப்படியானால் சட்டத்தை மீறாத ஏழைப் பெண்கள்மேல் குற்றம் காணாதீர்கள் என்று முடித்துவிடுகிறார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் நெஞ்சு விம்முகிறது.

அடுத்த ஆண்டு மறுபடி பிடித்தார்கள். இந்த முறை குறி அவர் மட்டுமில்லை. அரசவைச் சீமாட்டிகளில் யார் யார் உன் கட்சி, பெயரைச் சொல் என்றார்கள். அந்த வழியாக ஹென்றியின் மனைவி, அரசி கேத்தரின் பாரைப் பிடிக்கலாம் என்ற கணக்கு. சொல்லவில்லை. லண்டன் கோபுரத்தில் கைகால்களைக் கட்டி இழுக்கும் பொறியில் கிடத்தி, மன்னரின் உயர் அமைச்சரான சான்சலர் ரையோதெஸ்லியும் அரச ஆலோசகர் ரிச்சர்ட் ரிச்சும் தங்கள் கைகளாலேயே முறுக்கினார்கள். அப்புறமும் பெயர் வரவில்லை. அவிழ்த்துவிட்டதும் மயங்கி விழுந்தவர், தெளிந்தபின் வெறுந்தரையில் உட்கார்ந்து அதே சான்சலரோடு இரண்டு மணி நேரம் வாதாடியிருக்கிறார்.

1546 ஜூலை 16 அன்று எரிப்பதற்காக லண்டனின் ஸ்மித்ஃபீல்டுக்கு நாற்காலியில் வைத்துத்தான் தூக்கிப்போனார்கள். நடக்க முடியவில்லை. கூட எரிந்தவர்கள் மூன்று ஆண்கள். அவருக்கு வயது இருபத்தைந்து. கொள்கையைக் கைவிட்டால் மன்னிப்பு என்று கடைசி நேரத்திலும் கடிதம் நீட்டினார்கள். அவர் அதைப் பார்க்கவும் மறுத்துவிட்டார்.

அன்புடன்,
அக்கா