ஆக்சஸ் பாயிண்டுக்கு முகவரி தருவது யார்? – கேள்வி பதில்

காட்பாடி மாணவி: வைஃபை பரப்பும் புது ஆக்சஸ் பாயிண்டை, நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் சுவிட்சில் செருகினேன். எண் எதுவும் நான் தரவில்லை. ஆனாலும் நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி வந்துவிட்டது. எப்படி?

உங்கள் ரவுட்டர் கொடுத்ததம்மா. கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்க அதற்குள் ஓடும் டிஹெச்சிபி சேவையின் வேலை அது. மின்சாரம் வந்ததும் ஆக்சஸ் பாயிண்ட், தனக்கென முகவரி இல்லாததால் 0.0.0.0 என்று போட்டுக்கொண்டு, "முகவரி தருபவர் உண்டா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவுகிறது. ரவுட்டர் ஓர் எண்ணை நீட்டுகிறது. "அதையே கொடு" என்கிறது இது. "எடுத்துக்கொள்" என்கிறது அது. இந்த நான்கு செய்திகளில் கேட்வே (வெளியே போகும் வழி), டிஎன்எஸ் (தளப் பெயரை எண்ணாக மாற்றித் தருவது) விவரங்களும் வந்துவிடுகின்றன. 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2131 என்ற இணைய விதி ஆவணம் வகுத்த முறை இன்றும் அப்படியே நடக்கிறது. எனக்கு அது பெரிய வியப்பு.

குடியாத்தம் துணிக்கடைக்காரர்: விளக்கு எரிகிறது, ஆனால் முகவரி 169.254 என்று தொடங்குகிறது.

கூவியதற்குப் பதில் வராததால் கருவி தானே வைத்துக்கொண்ட எண் அது. விளக்கை நம்பாதீர்கள். சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் நானும் அதை நம்பி ஒரு மணி நேரம் அலைந்தேன். கடைசியில் கேபிள் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஆரஞ்சுக் கம்பி பின்னைத் தொடாமல் மயிரிழை தள்ளி நின்றது. நீல, பழுப்புக் கம்பிகள் வழியே மின்சாரம் போய்க்கொண்டிருந்தது, தகவல் போகவில்லை. முதலில் முனையை வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.

தோட்டப்பாளையம் விடுதி மேலாளர்: சிகிச்சைக்கு வந்து தங்குவோருக்கு மாலையானால் இணைப்பு கிடைப்பதில்லை. மாடி ஆக்சஸ் பாயிண்டுக்கும் சில நாள் முகவரி வருவதில்லை. ரவுட்டரில் முகவரியின் கடைசி எண் 100 முதல் 199 வரை, ஒரு கருவி அதை வைத்திருக்கும் காலம் 24 மணி நேரம் என்று இருக்கிறது.

ஐயா, கையிருப்பே 100 எண்கள்தான். காலையில் அறையைக் காலி செய்தவரின் கைபேசி பெற்ற எண், அவர் ரயிலேறிய பிறகும் அவர் பெயரிலேயே கிடக்கிறது. மாலையில் வருபவருக்கு எதை எடுத்துக் கொடுப்பது? கால அளவை 2 மணி நேரமாகக் குறையுங்கள். தங்கியிருப்பவருக்குத் தடை வராது. பாதி நேரம் கழிந்ததும் கைபேசி தானே புதுப்பித்துக்கொள்ளும். தொடக்க எண்ணையும் 20க்கு இறக்குங்கள். 20 முதல் 99 வரை உள்ள எண்களைக் கேமரா, பிரிண்டர் எதற்கும் கையால் கொடுத்திருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நோயாளியின் முகத்தை ஊரில் இருப்பவர்களுக்கு வீடியோவில் காட்டக் காத்திருக்கும் குடும்பங்கள் அவை. இன்றே செய்துவிடுங்கள்.

ஆம்பூர் வாசகர்: பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக வைத்ததிலிருந்து வீடெங்கும் குழப்பம்.

இரண்டும் முகவரி கொடுக்கின்றன. பழையதில் டிஹெச்சிபியை அணைத்து, அதன் சொந்த முகவரியையும் மாற்றி, லேன் துளையில் கேபிளைச் செருகுங்கள்.

ஆற்காடு வாசகர்: அப்படியானால் ஆக்சஸ் பாயிண்டுக்கு நாமே நிலையான எண் கொடுப்பது நல்லதல்லவா?

ரவுட்டரை மாற்றும் நாளில் ஒவ்வொன்றாக ஏணி வைத்து ஏற வேண்டிவரும் தம்பி. கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் மேக் முகவரியை (தயாரிக்கும்போதே அதற்குத் தரப்பட்ட அடையாள எண்) ரவுட்டரில் எழுதி, அதற்கென ஓர் எண்ணை ஒதுக்கிவிடுங்கள். அது வழக்கம்போலக் கேட்கும். ஒவ்வொரு முறையும் அதே எண்ணே கிடைக்கும்.