உறுத்தல் வேறு, வலி வேறு

கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளும் கெரட்டோகோனஸ் பற்றிப் போன இதழில் நான்கு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லென்ஸ் பற்றித்தான். அதனால் இந்த முறை வேறு கேள்விகளை எடுக்கவில்லை. பதில் சொல்லும் நானும் இதே கண்ணோடு, பார்வையைச் சோதித்துக் கண்ணாடி, லென்ஸ் பொருத்துகிற ஆப்டோமெட்ரி படிப்பைப் படித்தவள்தான். இதை எழுதும்போதும் இரண்டு கண்ணிலும் லென்ஸ் இருக்கிறது. இனி உங்கள் கடிதங்களும் என் பதில்களும்.

வயது 22. இரண்டு கண்ணிலும் கெரட்டோகோனஸ். போன வருடம் வலது கண்ணில், கூம்பு வளராமலிருக்கச் செய்கிற சி3ஆர் சிகிச்சை செய்தார்கள். கண்ணாடி போட்டாலும் போர்டில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிவதால் ஆர்.ஜி.பி. என்ற கடினமான லென்ஸ் கொடுத்தார்கள். இன்று ஆறாவது நாள். சீக்கிரம் பழகட்டும் என்று முதல் நாளிலிருந்தே காலை எட்டு மணிக்குப் போட்டு மாலை ஐந்துக்குத்தான் கழற்றுகிறேன். மணல் விழுந்த மாதிரி இருக்கிறது, தண்ணீராகக் கொட்டுகிறது. வகுப்பில் “ஏன்டா அழுற?” என்று கேட்கிறார்கள். சாஃப்ட் லென்ஸ் போடும் நண்பனுக்கு முதல் நாளே பழகிவிட்டதாம். எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடலாமா?
— வாசகர், திண்டுக்கல்

விட்டுவிடாதீர்கள் தம்பி. ஒரு மாதம் ஆகட்டும், அப்புறம் யோசிக்கலாம். ஆனால் எட்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை என்பதை இன்றோடு நிறுத்துங்கள். அது பழக்கம் இல்லை, தண்டனை.

முதலில் அந்த நண்பர் விஷயம். அவருடைய லென்ஸ் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் அகலம். அதன் விளிம்பு கருவிழியைத் தாண்டி, வெள்ளைப் பகுதியின் மேல், இமைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். உங்களுடையது ஒன்பது, பத்து மில்லிமீட்டர்தான் இருக்கும். விளிம்பு கருவிழிக்குள்ளேயே நிற்கிறது. நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை கண் சிமிட்டுகிறோம், ஒவ்வொரு முறையும் மேல் இமை அந்த விளிம்பில் ஏறி இறங்குகிறது. கண்ணில் மணல் என்கிறீர்களே, அதில் பெரும்பகுதி இந்த இமை போடும் கூச்சல்தான். புதுச் செருப்பு மாதிரி. இமைக்குப் பழகிவிட்டால் கூச்சல் அடங்கிவிடும், அதற்குப் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும்.

அப்படியானால் எனக்கும் சாஃப்ட் லென்ஸே கொடுத்திருக்கலாமே என்று அடுத்து தோன்றும். குண்டும் குழியுமான தரையில் துணியை விரித்தால் துணியும் குண்டும் குழியுமாகத்தான் கிடக்கும். நமக்குக் கருவிழி மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் தள்ளி நிற்கிறது. சாதாரண சாஃப்ட் லென்ஸ் அந்தக் கூம்பின் மேலேயே படிந்து அதே உருவத்தை எடுத்துக்கொள்ளும். கடினமான லென்ஸ் வளையாது. அதற்கும் கருவிழிக்கும் நடுவே உள்ள இடத்தைக் கண்ணீர் நிரப்பிக்கொள்ள, வெளிச்சம் நுழைகிற முகப்பு ஒரே சீராகிவிடுகிறது. கண்ணாடியால் முடியாததை இது செய்வது இப்படித்தான்.

இப்போது நேரக்கணக்கு. உங்களுக்கு லென்ஸ் பொருத்தியவர் அட்டவணை கொடுத்திருந்தால் அதுதான் சட்டம், நான் சொல்வது அதற்குக் கீழேதான். பொதுவாக முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரம், அப்புறம் தினமும் ஒரு மணி நேரம் கூட்டுவார்கள். ஒரு நாள் கண் சிவந்து முரண்டு பிடித்தால் மறுநாள் கூட்டவேண்டாம், முந்தின கணக்கிலேயே இருங்கள். இந்த ஒரு வாரம் கல்லூரிக்குக் கண்ணாடியோடு போங்கள். லென்ஸ் மாலையில், வீட்டில். கரும்பலகையையும் கண்ணையும் ஒரே நேரத்தில் சமாளிக்க முடியாது.

போட்டவுடன் முதல் இருபது நிமிடம் பார்வை எப்படி இருக்கிறது என்று சோதிக்கவே சோதிக்காதீர்கள். கண்ணீர் பெருகி லென்ஸ் மிதந்துகொண்டிருக்கும்போது எல்லாம் தளும்பித்தான் தெரியும். அந்த நேரத்தில் கீழே பார்க்கிற வேலையாக ஏதாவது செய்யுங்கள்: பூண்டு உரிக்கலாம், துணி மடிக்கலாம், புத்தகம் படிக்கலாம். கீழே பார்க்கும்போது உறுத்தல் குறையும், மேலே பார்த்தால் இமை விளிம்பில் போய் இடிக்கும். புதிதாக லென்ஸ் போட்டவர்கள் எல்லோரும் தாடையைத் தூக்கி, கண்ணை அரைகுறையாக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், என் அம்மா “ஏன்டி எங்களை எல்லாம் கேவலமா பாக்குற?” என்று கேட்டார். அது வேண்டாம். முழுசாக, நிதானமாகச் சிமிட்டுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள், அந்தக் காற்றில் கண் காய்ந்தால் உறுத்தல் இரட்டிப்பாகும்.

எதைத் தாங்கிக்கொள்ளலாம், எதைத் தாங்கக்கூடாது என்பதுதான் இதில் முக்கியம். உறுத்தல் போட்டவுடன் அதிகமாக இருந்து, அரை மணிக்குள் தணிந்து, லென்ஸைக் கழற்றியதும் போய்விடும். வலி அப்படி இல்லை. நேரம் போகப் போக ஏறும், கழற்றிய பிறகும் நிற்கும். கூடவே கருவிழியைச் சுற்றிச் சிவப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், கழற்றி வெகு நேரமாகியும் புகைமூட்டம் என்று ஏதாவது இருந்தால் லென்ஸைத் திரும்பப் போடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் பழகிவிடும் என்பது உறுத்தலுக்கு மட்டும்தான் பொருந்தும். இன்னொன்றும் உண்டு: நன்றாக இருந்த கண்ணில் திடீரென்று குத்தினால் அனேகமாகத் தூசு. கழற்றி, லென்ஸ் கழுவும் சொல்யூஷனில் கழுவிப் போட்டால் சரியாகிவிடும்.

மறுபரிசோதனைக்குப் போகும்போது லென்ஸை மூன்று நான்கு மணி நேரம் போட்டிருந்து, அப்படியே போய் உட்காருங்கள். மஞ்சள் சாயம் விட்டு நீல விளக்கில் பார்ப்பார்கள். லென்ஸ் எங்கே கருவிழியைத் தொடுகிறது, எங்கே தூக்கி நிற்கிறது என்பது அதில் வரைபடம் மாதிரித் தெரியும். முதல் லென்ஸே கடைசி லென்ஸாக அமைவது நம் கண்ணுக்குக் குறைவு. வளைவை மாற்றுவது, விளிம்பை மாற்றுவது, இரண்டு மூன்று தடவை போய் வருவது எல்லாம் சகஜம்.

அப்படியும் முடியவில்லை என்றால் வழி இருக்கிறது. அடியில் ஒரு சாஃப்ட் லென்ஸ் போட்டு மேலே இதை வைக்கலாம். கூம்புக் கருவிழிக்கென்றே வடிவமைத்த ரோஸ் கே லென்ஸ் இருக்கிறது. ஸ்கிளீரல் லென்ஸ் இருக்கிறது: பதினைந்து மில்லிமீட்டருக்கு மேல் அகலம், பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் அது கருவிழியைத் தொடாமல் வெள்ளைப் பகுதியில் உட்காருவதால் உறுத்தல் குறைவு. விலைதான் உறுத்தும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1888-ல் ஃபிக் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் ஜூரிச்சில் கண்ணாடியால் லென்ஸ் செய்து, முயல் கண்ணில் போட்டுப் பார்த்து, பிறகு தன் கண்ணிலேயே போட்டுக்கொண்டார். அதுவும் வெள்ளைப் பகுதியில் உட்காருகிற பெரிய லென்ஸ்தான், கூம்புக் கருவிழிக்காரர்களும் அவர் மனதில் இருந்தார்கள். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்திருக்கிறோம்.

எனக்குப் பத்தாவது நாளோ பதினோராவது நாளோ நினைவில்லை, கண்ணில் லென்ஸ் இருப்பதே மறந்துபோய் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். நிலா ஒன்றுதான் இருந்தது. அதுவரை எனக்கு நிலா என்றால் ஒன்றின் கீழ் ஒன்றாக நாலைந்து, கடைசியில் ஒரு வால். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், கீழே அம்மா கூப்பிட்டது காதில் விழவில்லை.

லென்ஸ் நகர்ந்து வெள்ளை விழிக்குள் போய்விட்டது. கண்ணுக்குப் பின்னால் போய்விடுமோ என்று பயந்து அழுதேன். என் அண்ணன் ‘சக்கர்’ என்கிற ரப்பர் உறிஞ்சியை வைத்து எடுக்கப் பார்த்தான், வலித்ததுதான் மிச்சம்.
— வாசகி, சேலம்

பின்னால் போகாது. இமையின் உட்புறத்தையும் வெள்ளை விழியையும் ஒரே சவ்வு மடிந்து மூடியிருக்கிறது, பை மாதிரி, அதற்கு அந்தப் பக்கம் வழியே கிடையாது. லென்ஸ் மூலையில் ஒளிந்திருக்கும், அவ்வளவுதான்.

அண்ணனை அனுப்பிவிடுங்கள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று நாலு பக்கமும் பார்த்து லென்ஸ் எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள். கண்ணை ஈரப்படுத்த மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்தை இரண்டு சொட்டு விடுங்கள். லென்ஸ் இருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டு, இமைக்கு மேலிருந்தே விரலால் அதன் விளிம்பை மெதுவாகத் தடுத்துப் பிடியுங்கள், பிறகு கண்ணை அதை நோக்கித் திருப்பினால் பெரும்பாலும் கருவிழிமேல் வந்து உட்கார்ந்துவிடும். அரை மணி போராடியும் வராவிட்டால் கண்ணை நோண்டாமல் மருத்துவரிடம் போங்கள், அவருக்கு அது ஒரு நிமிட வேலை.

அந்த ரப்பர் உறிஞ்சியை, லென்ஸ் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் தொடவேண்டும். முதல் மாதம் ஒரு ராத்திரி, தூக்கக் கலக்கத்தில், லென்ஸ் ஏற்கெனவே விழுந்துவிட்டது தெரியாமல் வெறும் கருவிழியில் வைத்து இழுத்தேன். இரண்டு நாள் இருட்டறையில் கிடந்தேன். அதன்பிறகு சிமிட்டி எடுப்பதைப் பழகிக்கொண்டேன்: கண்ணை அகலத் திறந்து, வெளி ஓரத்தைக் காது பக்கமாக இழுத்து, பலமாக ஒரு சிமிட்டு. கீழே உள்ளங்கையை ஏந்திக்கொள்ளுங்கள்.

சொல்யூஷன் விலை கட்டுப்படியாகவில்லை. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ கழுவினால் என்ன?
— வாசகர், கோவை

கூடாது. கொதித்த தண்ணீர், கேன் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் எதுவும் கூடாது. அவசரத்துக்கு வாயில் போட்டு எடுப்பவர்களும் இருக்கிறார்கள், நேரில் பார்த்திருக்கிறேன், அதுவும் கூடாது. அகந்தமீபா என்ற ஒரு செல் உயிரி தண்ணீரில் சாதாரணமாக இருக்கும். லென்ஸோடு சேர்ந்து கருவிழியில் புகுந்தால் மாதக்கணக்கில் மருந்து, சிலருக்குப் பார்வையே போகும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் சொல்யூஷன் சல்லிக்காசு. டப்பாவில் பழைய சொல்யூஷன் மேலேயே புதிதை ஊற்றி மிச்சம் பிடிக்கவும் வேண்டாம். தினமும் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள், டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். குளிக்கும்போதும் லென்ஸ் வேண்டாம்.

நம் வீட்டுச் சமாச்சாரம் இரண்டு. தலைக்கு எண்ணெய் வைத்த கையால் லென்ஸைத் தொட்டால் அன்றைக்கு முழுக்கப் பனிமூட்டம்தான், ஆகவே லென்ஸ் முதலில், எண்ணெய் பிறகு. பச்சை மிளகாய் நறுக்கிய அன்று ராத்திரி கழற்றுவதற்கு முன் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுங்கள். ஒரு தடவை போதும் என்று நினைத்த அனுபவம் எனக்கு உண்டு.

பைக்கில் போகலாமா?
— வாசகர், தூத்துக்குடி

பழகிய பிறகு போகலாம். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளே பவர் இல்லாத கண்ணாடி ஒன்று போட்டுக்கொண்டு. முதல் மாதம் பின் சீட்டில் உட்காருங்கள்.

மகளுக்கு 24 வயது. லென்ஸ் போட்டதும் பார்வை பளிச்சென்று ஆகிவிட்டது. இனி சி3ஆர் தேவையில்லைதானே? வரன் பார்க்கிறோம், கண்ணில் ஆபரேஷன் என்றால் யோசிப்பார்களே. எப்போது பார்த்தாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறாள், அதையும் சொல்லுங்கள்.
— வாசகி, தஞ்சாவூர்

அம்மா, லென்ஸ் பார்வையைத்தான் திருத்தும், கூம்பு வளர்வதை நிறுத்தாது. சி3ஆர் வளர்வதை நிறுத்தப் பார்க்கும், பழைய பார்வையைத் திருப்பித் தராது. இரண்டும் வேறு வேறு வேலை. ரிபோஃப்ளேவின் என்கிற பி2 வைட்டமின் சொட்டுகளை விட்டு, புற ஊதா ஒளியைக் காட்டி, கருவிழியின் இழைகளை இறுக்குகிறார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டனில் செய்து பார்த்த முடிவுகள் 2003-ல் வெளியானதிலிருந்து உலகம் முழுக்கச் செய்கிறார்கள். உங்கள் மகளுக்கு அது வேண்டுமா என்பதை, ஆறு மாத இடைவெளியில் எடுத்த, கருவிழியின் மேடுபள்ளத்தைக் காட்டும் டோபோகிராபி படங்களை அருகருகே வைத்துப் பார்த்து மருத்துவர்தான் சொல்லவேண்டும். வளர்கிறது என்றால் ஜாதகத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள். மறைத்துக் கல்யாணம் செய்துவைத்தால், புகுந்த வீட்டில் ராத்திரி யாருக்கும் தெரியாமல் குளியலறையில் நின்று லென்ஸைக் கழற்றப்போவது அவள்தான்.

கசக்குவதுதான் எனக்கு அதிகம் கவலையாக இருக்கிறது. விரல் முட்டியால் கண்ணைத் தேய்ப்பது மெலிந்த கருவிழிக்கு ஆகவே ஆகாது, லென்ஸ் உள்ளே இருக்கும்போது இன்னும் மோசம். திட்டினால் நிற்காது, அரிப்பு இருப்பதால்தான் கசக்குகிறாள். ஒவ்வாமைக்குச் சொட்டு மருந்து கேட்டு வாங்குங்கள். அதுவரை, லென்ஸைக் கழற்றிவிட்டு, சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் பிழிந்து மூடிய இமைமேல் வைக்கட்டும். தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கும் ஒருமுறை டோபோகிராபி எடுத்துவிடுங்கள்.

லென்ஸ் கீழே விழுந்தால் எப்படித் தேடுவது? ஏற்கெனவே ஒன்று தொலைந்துவிட்டது.
— வாசகர், நாகர்கோவில்

காலை எடுக்காமல் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து மெதுவாகச் சுற்றினால் மின்னும். கிடைத்ததும் நகத்தால் சுரண்டாமல், விரலில் சொல்யூஷன் தொட்டு ஒற்றி எடுங்கள். கழுவும் தொட்டி என்றால் ஓட்டையை முன்னாடியே அடைத்துவைப்பது தவிர வேறு வைத்தியம் இல்லை. தரையைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் துணியை ஒருமுறை பாருங்கள். எனக்கு மூன்று தடவை தொலைந்து, மூன்று தடவையும் துப்பட்டா மடிப்பில்தான் கிடைத்தது.