கிருஷ்ணகிரியிலிருந்து முதல் தடவை பெங்களூரு கன்வென்ஷனுக்குப் போகிறோம். எந்த லெவல் டேபிளில் உட்காருவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு நண்பர்கள், வீட்டில் சேர்ந்து கொஞ்ச நாளாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆடுகிறார்கள்; ஆளுக்கொரு கேரக்டராக மாறி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். கன்வென்ஷன் பட்டியலைத் திறந்தால் "டயர் 1", "டயர் 2", "லெவல் 1–4", "லெவல் 5–8" என்று வரிசையாக இருக்கிறது (டயர் என்றால் சில லெவல்களைச் சேர்த்த படிநிலை). "லெவல் 5 ரெடிமேட் கேரக்டர் வாங்கிக்கோ, பவர் நிறைய இருக்கும், ஜாலியா இருக்கும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேட்கலாமா?

தம்பி, கேட்காதீர்கள். நான்கு பேரும் லெவல் 1 கேரக்டரோடு, ஒரே டேபிளில், முதல் நாள் முதல் ஸ்லாட்டில் (ஆட்ட நேரத்தில்) உட்காருங்கள். புதிதாக வருகிறவர்களிடம் இந்த "லெவல் 5 எடு" யோசனையைச் சொல்லி அனுப்புவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

லெவல் 5 மந்திரவாதியின் தாளை எடுத்துப் பாருங்கள். முதல் நிலை ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் ஒன்று போட ஒன்று செலவாகும்) 4, இரண்டாம் நிலை 3, மூன்றாம் நிலை 2, மொத்தம் 9. லெவல் 1-ல் இரண்டே இரண்டு. அந்த ஒன்பதை எந்த ஸ்பெல்லுக்கு, எப்போது செலவழிப்பது என்பது லெவல் 1, 2, 3 என்று ஆடி வந்தவர் கைக்குத்தான் பழகியிருக்கும். புதியவர் தன் முறை வந்ததும் தாளைத் திருப்பித் திருப்பிப் படிப்பார். ஆறு பேர் உள்ள டேபிளில் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆனால் ஒரு சுற்றுக்கே அரை மணி நேரம். ஆட்ட ஸ்லாட் நான்கு மணி நேரம்தான். இரண்டு சண்டையோடு கதை பாதியில் நிற்கும். பவர் இருந்தும் கையில் எடுக்க நேரம் இருக்காது.

இன்னொன்றும் புரிந்துகொள்ளுங்கள். பட்டியலில் இருக்கும் லெவல் உங்கள் அனுபவத்துக்குப் போட்ட மதிப்பெண் கிடையாது, கேரக்டரின் லெவல். பத்து வருடம் ஆடியவரும் புதுக் கேரக்டர் போட்டால் பெரும்பாலும் லெவல் 1-ல்தான் தொடங்குவார். எனவே அதில் உட்கார வெட்கப்பட எதுவுமில்லை.

அடுத்து, எந்த ஆட்டம் என்று பாருங்கள். ஆர்கனைஸ்டு ப்ளே என்றால் ஒரே கேரக்டரை உலகில் எந்த ஊர் டேபிளுக்கும் கொண்டுபோகலாம், விதியும் கணக்கும் எங்கும் ஒன்று. 1980-ல் தொடங்கிய ஆர்பிஜிஏ என்ற ஆட்டக்காரர் சங்கம் பின்னாளில் வளர்த்த வழக்கம் இது. கன்வென்ஷனில் பெரும்பாலும் கண்ணில் படுவது இரண்டு: டி அண்ட் டி-யை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்டின் அட்வென்சரர்ஸ் லீக், பாத்ஃபைண்டர் என்ற வேறொரு ஆட்டத்தை வெளியிடும் பைசோவின் பாத்ஃபைண்டர் சொசைட்டி. இரண்டிலும் "லெவல் 4" என்ற சொல் உண்டு, ஆனால் இரண்டும் வேறு வேறு எடை. நீங்கள் வீட்டில் ஆடுவது டி அண்ட் டி என்பதால் லீக் பக்கம் போனால் விதி புதிதாக இருக்காது.

லீக்கில் டயர் 1 என்றால் லெவல் 1 முதல் 4, டயர் 2 என்றால் 5 முதல் 10, டயர் 3 என்றால் 11 முதல் 16, டயர் 4 என்றால் 17 முதல் 20. கேரக்டர் எந்த டயரோ அந்த டேபிளில் மட்டும்தான் உட்கார முடியும். டேபிளுக்கு 3 முதல் 7 பேர். ஒரு அட்வென்சர் முடிந்ததும் லெவல் ஏறிக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் அப்படியே இருக்கலாம். நான்கு பேரும் சேர்ந்தே தொடர வேண்டுமானால் ஏறுவதையும் சேர்ந்து முடிவு பண்ணுங்கள். ஒருவர் மட்டும் 5-க்குப் போய்விட்டால் மற்ற மூவரோடு டயர் 1-ல் அந்தக் கேரக்டரோடு உட்கார முடியாது.

வீட்டில் ஆடும் கேரக்டரை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். டைஸ் உருட்டி எடுத்த 18, 17 எல்லாம் லீக்கில் செல்லாது. 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களைப் பிரித்துப் போடலாம், அல்லது 27 புள்ளியை வைத்து வாங்கலாம். வீட்டு டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) பரிசாகக் கொடுத்த மந்திர வாளும் செல்லாது. போவதற்கு முந்தின வாரமே புதுத் தாளில் எழுதி முடித்துவிடுங்கள். டேபிளில் உட்கார்ந்தபின் இதைத் திருத்தினால் அரை மணி நேரம் போகும், மற்றவர்களும் காத்திருப்பார்கள்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். "டயர் 1" என்று எழுதியிருந்தாலே பத்திரம் என்று நினைக்காதீர்கள். லெவல் 1-க்கும் லெவல் 4-க்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. டேபிள் நடத்துகிறவர் எல்லோர் லெவலையும் கூட்டி, ஆள் எண்ணிக்கையால் வகுத்து, சராசரி லெவல் எடுப்பார். நான்கு பேர் லெவல் 4, நீங்கள் ஒருவர் லெவல் 1 என்றால் 17-ஐ 5-ஆல் வகுத்து 3.4, அதாவது 3. சண்டை அந்த 3-க்கு ஏற்றபடி இருக்கும், உங்கள் 1-க்கு ஏற்றபடி இருக்காது.

ஒரு ஓகர் (பெரிய அரக்கன்) வருகிறது என்று வையுங்கள். 2014 விதிப்படி அதன் தடியடி: தாக்க டி20 (இருபதுமுக டைஸ்) உருட்டி +6, சேதம் 2டி8+4 (இரண்டு எட்டுமுக டைஸின் கூட்டலோடு 4). உங்கள் லெவல் 1 மந்திரவாதிக்கு ஆர்மர் கிளாஸ் (அடி பட எதிரி தொட வேண்டிய எண்) 12, உயிர்ப் புள்ளி 8. டி20-ல் 6 விழுந்தாலே அடி பட்டுவிடும், அதாவது நான்கில் மூன்று வாய்ப்பு. அடி பட்டால் இரண்டு எட்டுமுக டைஸின் கூட்டல் 4-ஐத் தொட்டாலே நீங்கள் கீழே விழுவீர்கள். 64 சேர்க்கைகளில் 61 அப்படித்தான். கூட்டல் 12-ஐத் தொட்டால் சேதம் 16. விழுந்தபின் மிஞ்சும் சேதம் முழு உயிர்ப் புள்ளிக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் அங்கேயே மரணம் என்பது விதி. 64-ல் 15 தடவை அது நடக்கும், கிரிட்டிக்கல் (சேதம் பெருகும் அடி) கூட வேண்டாம். அதே மந்திரவாதி லெவல் 4 என்றால், கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) +2 வைத்து உயிர்ப் புள்ளி 26. அந்த ஓகர் சாதாரண அடியில் அதிகபட்சம் 20 சேதம்தான் கொடுக்க முடியும், எனவே ஒரே அடியில் விழ மாட்டார். பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சாதாரணச் சண்டை, உங்களுக்கு மரண தண்டனை.

பாத்ஃபைண்டரில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம், ஏனென்றால் லெவலே பெரும்பாலான எண்களோடு கூட்டப்படுகிறது. ஆர்மர் கிளாஸைவிட 10 அதிகம் விழுந்தால் கிரிட்டிக்கல், சேதம் இரட்டிப்பு. உங்கள் லெவல் 1 போர்வீரனுக்கு ஆர்மர் கிளாஸ் 18 என்று வையுங்கள். +9 எதிரி டி20-ல் 19, 20 விழுந்தால்தான் கிரிட்டிக்கல் அடிக்கும், இருபதில் இரண்டு. +14 எதிரிக்கு 14 விழுந்தாலே போதும், இருபதில் ஏழு.

சொசைட்டியில் சீனாரியோக்கள் (ஒரே அமர்வில் ஆடும் சாகசங்கள்) லெவல் 1–4, 3–6, 5–8, 7–10 என்று வரும். 1–4 சீனாரியோவுக்குள்ளேயே 1–2-க்கு ஒரு வடிவம், 3–4-க்கு ஒரு வடிவம். எதை நடத்துவது என்பதை சேலஞ்ச் பாயின்ட் முடிவு பண்ணும்: லெவல் 1-க்கு 2, லெவல் 2-க்கு 3, லெவல் 3-க்கு 4, லெவல் 4-க்கு 6. மொத்தம் 15 வரை கீழ் வடிவம். 16 முதல் 18 வரை ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் கீழ் வடிவம், நான்கே பேர் என்றால் மேல் வடிவம். 19 வந்துவிட்டால் மேல் வடிவம்.

இதை உங்களுக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேரும் லெவல் 1, மொத்தம் 8. கீழ் வடிவம், கச்சிதம். காலியாக உள்ள இரண்டு நாற்காலியில் லெவல் 4 கேரக்டரோடு இரண்டு பேர் வந்து உட்கார்ந்தால் 8-ம் 12-ம் 20. டேபிள் மேல் வடிவத்துக்குப் போய்விட்டது, நீங்கள் நான்கு பேர் இருந்தும். அவர்கள் லெவல் 3 என்றால் 16, ஆறு பேர், கீழ் வடிவம்தான். ஒரே ஒரு லெவல் 4 வந்தாலும் 14, பிரச்சினை இல்லை. இந்தக் கூட்டலைப் பென்சிலால் போட அரை நிமிடம் ஆகாது. உட்கார்ந்ததும் போடுங்கள். 19 வருகிறதென்றால் ஆட்டம் தொடங்கும் முன்னே, "சார், நாங்க நாலு பேரும் புதுசு, உங்ககிட்ட லெவல் 1 கேரக்டர் இருக்கா, இல்லேன்னா ப்ரீஜென் எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டுவிடுங்கள் (ப்ரீஜென் என்றால் ரெடிமேட் கேரக்டர்). பழைய ஆட்கள் பெரும்பாலும் சரி என்பார்கள். அவர்கள் லெவல் 4-ஐக் கொண்டுவருவதில் தப்பும் இல்லை: பெரும்பாலான சீனாரியோக்களை ஒரு தடவை ஆடினால்தான் கணக்கில் வரும், மீதமிருப்பதற்குப் பொருந்தும் கேரக்டரைத்தான் கொண்டுவருவார்கள்.

"லெவல் பம்ப் என்று ஒரு விதி இருக்கிறதே, கீழ் லெவலுக்குக் கைகொடுக்குமே" என்று கருத்துப் பெட்டியில் யாராவது எழுதுவீர்கள் என்று தெரியும். இருக்கிறது. அது ஏறக்குறைய ஒரு லெவல் அளவுக்குத் தூக்கிவிடும், மூன்று லெவல் பள்ளத்தை மூடாது. "கஷ்டப்பட்டால்தான் கற்றுக்கொள்வார்கள்" என்பவர்களிடம் எனக்கு வாதம் இல்லை. முதல் ஒரு மணி நேரத்தில் மயங்கி விழுந்து, மூன்று மணி நேரம் மற்றவர் உருட்டுவதைப் பார்த்திருப்பவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை, திரும்பி வருவதுமில்லை.

ப்ரீஜென் எடுக்கத்தான் வேண்டுமென்றால் லெவல் 1 எடுங்கள். பாத்ஃபைண்டரில் அவை லெவல் 1, 3, 5-ல் கிடைக்கும். போர்வீரன் வலேரோஸ் முதல் ஆட்டத்துக்கு மிகப் பொருத்தம், தாளில் படிக்க வேண்டியது குறைவு. கைரா குணப்படுத்துவாள், அவள் இருந்தால் விழுந்தவர் எழுவார். எஸ்ரென் மந்திரவாதி, நான்கு பேரில் நிறையப் படிக்கும் பொறுமை உள்ளவர் எடுக்கட்டும். நான்கு பேரும் ஒரே மாதிரி எடுக்காதீர்கள்.

பட்டியலில் இன்னும் சில விஷயங்களைக் கவனியுங்கள். "பகுதி 2" என்று இருந்தால் விடுங்கள், முதல் பகுதி தெரியாமல் பாதிக் கதை புரியாது. பல டேபிள்கள் ஒரே கதையைச் சேர்ந்து ஆடும் பெரிய நிகழ்ச்சிகள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சத்தத்தில் டிஎம் சொல்வது காதில் விழாது, அதை இரண்டாம் நாளுக்கு வையுங்கள். சொசைட்டியில் ஒரு மணி நேர பவுன்டி (குட்டிச் சாகசம்) இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதில் தொடங்கலாம். சாகசத்தை வாசித்துக் காட்டும் பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கும். வேகமாகப் போனால் "இன்னொரு தடவை படிங்க" என்று கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உங்களுக்குள் திட்டம் போடத் தமிழில் தாராளமாகப் பேசலாம், பிறகு மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

கையில் வேண்டியது: ஏழு டைஸ் கொண்ட ஒரு செட் ஆளுக்கு ஒன்று, பென்சில், ரப்பர், அச்சடித்த கேரக்டர் தாள். போனில் மட்டும் வைத்துக்கொண்டால் சார்ஜ் தீரும்போது கேரக்டரும் தீர்ந்துவிடும். தாயம் ஆடிப் பழகிய கை என்றால் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: அங்கே ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும், இங்கே டி20-ல் ஒன்று விழுந்தால் அடி தவறும்.

நேரம். பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர்தான், ஆனால் ஓசூர், அத்திப்பள்ளி, சில்க் போர்டு எல்லாம் தாண்ட வேண்டும். காலை 10 மணி ஸ்லாட்டுக்கு 6 மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். டேபிள் பிரிப்பது ஸ்லாட் தொடங்குவதற்குக் கால் மணி முன்பே நடக்கும், தாமதமாகப் போனால் நான்கு பேரும் நான்கு மூலையில் மிச்ச நாற்காலிக்குப் போவீர்கள், மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். தர்மபுரிக்காரருக்கும் ஓசூர்க்காரருக்கும் ரயில் இருக்கிறது. 2004-ல் தனி மாவட்டமான நமக்கு, மாவட்டத் தலைநகரில் இன்றுவரை ஒரு ரயில் நிலையம் இல்லை. விளையாடப் போகிறவனை விடுங்கள், படிக்கப் போகிறவனும் வேலைக்குப் போகிறவனும் ராத்திரி நேரத்தில் நெடுஞ்சாலையில் கை காட்டி நிற்கிறான். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இரவு ஸ்லாட்டை எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவும்தான்.

ஆட்டம் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். சொசைட்டி என்றால் க்ரானிக்கிள் தாளில் (ஆடியதற்கான பதிவு) உங்கள் எண் சரியாக இருக்கிறதா பாருங்கள். உங்கள் பதிவு எண், ஒரு கோடு, பிறகு முதல் கேரக்டருக்கு 2001. 701 என்று எழுதியிருந்தால் அது ஸ்டார்ஃபைண்டர் (பைசோவின் விண்வெளி ஆட்டம்), அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். பதிவு எண்ணை பைசோ தளத்தில் இலவசமாக வீட்டிலேயே எடுத்துப் போங்கள். சீனாரியோ ஒன்றுக்கு 4 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), 12 சேர்ந்தால் லெவல் 2, அதாவது மூன்று ஆட்டம். லீக் என்றால் தேதி, சாகசத்தின் குறியீடு, கிடைத்த தங்கம், லெவல் ஏறினீர்களா இல்லையா என்பதை டிஎம் எழுந்து போவதற்குள் உங்கள் பதிவுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.